ஓலையும் வன்தட்டும்: ஒரு பழைய கணினியில் லினக்ஸ்

1

2025ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், நம் வீட்டு மாடியறையில் பழைய வேட்டி போர்த்திக் கிடந்த மேசைக்கணினியை மீண்டும் எடுத்து வைக்க வேண்டிய தேவை வந்தது. 2010இல் தவணை முறையில் வாங்கியது அது. இரட்டைக் கரு நுண்செயலி, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. அன்று அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போன பொருள். இன்று மலிவான கைப்பேசிக்கும் அதைவிட நினைவகம் மிகுதி.

தேவை கணினியால் வந்ததன்று, அதனுள் இருந்த ஒன்றால் வந்தது. முதுகலையில் நமக்குச் சங்க இலக்கியம் கற்பித்த பேராசிரியர், குறுந்தொகையின் 401 பாடல்களுக்கும் பாடவேறுபாட்டுக் குறிப்புகள் எழுதி வந்தார். சௌரிப்பெருமாள் அரங்கனின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பையும் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பையும் இருபுறமும் விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கே மாறுகிறது, மாறுவதால் பொருள் எவ்வாறு திரிகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, 2003 முதல் 2006 வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் தட்டச்சு செய்தோம். நூலாகும் முன்னரே அவர் காலமானார். கையெழுத்துக் குறிப்பேடுகள் அவர் வீட்டுப் பரணில் கறையானுக்கு இரையாயின. குறுந்தகடுகளில் எடுத்து வைத்த படிகள் எந்தக் கருவியிலும் திறக்கவில்லை. எஞ்சியது இந்தக் கணினியில் இருந்த ஒரே படி.

அவருடைய மகள் ஏப்ரல் மாதத்தில் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, அப்பாவோட குறுந்தொகைக் குறிப்பெல்லாம் உங்ககிட்ட இருக்குல்ல? ஒரு பதிப்பகத்துல கேக்கறாங்க" என்றார். "பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டோம். சொல்லி முடித்த பிறகே மாடிக்கு ஏறினோம்.

கணினி இயங்கியது. ஆனால் அதிலிருந்த பழைய இயங்குதளம் பாதி வழியில் நின்று, தானே அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் அதே இடத்தில் நின்றது. பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்றோம். "ஃபார்மட் பண்ணிப் புதுசா ஓ.எஸ். போட்டுத் தர்றேன் சார். டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பிழை இல்லை, கடைக்காரராக அவர் சொல்லத்தக்கது அதுவே. நாம் கணினியை ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தோம்.

அன்று மாலை, மென்பொருள் துறையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் புலம்பினோம். "ஐயா, யார்கிட்டயும் குடுத்து ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க. ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுலேர்ந்து தொடங்கிப் பாருங்க" என்றார். இக்கட்டுரை அவ்வாறு பார்த்ததன் பயனாகப் பிறந்தது. நாம் கணினித் துறையைச் சார்ந்தவரல்லோம். ஆகவே இதைத் தொழில்நுட்பக் கட்டுரையாகக் கொள்ளாமல், ஒரு தமிழாசிரியரின் கருத்தாகவே வாசகர்கள் கொள்ள வேண்டுகிறோம்.

2

லினக்ஸ் என்ற சொல்லை நாம் முதுகலை படித்த காலத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம் சொந்தக் கணினிக்காக எழுதத் தொடங்கிய கருவகம் அது. அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்து, ஓர் இயங்குதளத்துக்கு வேண்டிய மற்ற உறுப்புகளைத் தோழர்களுடன் எழுதிவந்தார். கருவகமும் உறுப்புகளும் சேர்ந்து முழுமையான இயங்குதளமாயின. எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்று படிக்கலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், திருத்தி அத்திருத்தத்தையும் பகிரலாம் என்பன அதன் உரிமங்கள் காக்கும் நான்கு சுதந்திரங்கள். இவை யாவும் நமக்கு மேடைப் பேச்சாகவே தெரிந்திருந்தன. கையால் தொட்டதில்லை.

மாணவர் சொன்னபடி, லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கினோம். எக்ஸ்எஃப்சிஇ என்பது பழைய கணினிகளுக்கு ஏற்ற, பாரம் குறைந்த மேசைத்தளம். கோப்பின் அளவு ஏறத்தாழ 3 ஜிபி. அதைப் பென் டிரைவில் வெறுமனே படியெடுத்து வைத்தால் பயனில்லை. அதற்கென உள்ள சிறு மென்பொருளைக் கொண்டு, கணினி தொடங்கத்தக்க வகையில் எழுத வேண்டும். மனைவியின் மடிக்கணினியில் அதைச் செய்தோம். பழைய கணினியை இயக்கியவுடன் எஃப்12 விசையை அழுத்தி, வன்தட்டுக்கு மாற்றாகப் பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு தேர்ந்தெடுத்தோம். இவ்விசை கணினிக்குக் கணினி மாறும்.

நான்கைந்து நிமிடம் கரும்பலகையாக நின்ற திரையில், பிறகு மெல்லப் பச்சை இலச்சினை தோன்றியது. எதையும் நிறுவவில்லை. வன்தட்டில் ஓரெழுத்தும் எழுதவில்லை. முழு இயங்குதளமும் பென் டிரைவிலிருந்தே இயங்கியது. பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவிக்கொள்ளலாம், கணினி முன்பிருந்தபடியே இருக்கும். இதை லைவ் முறை என்கிறார்கள். லினக்ஸைச் சோதித்துப் பார்க்கத் தயங்குவோர் முதலில் அறியவேண்டியது இதுவே. 2 ஜிபி நினைவகத்தில் எருமை நடை நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது இணையம். கம்பியில்லா இணைப்புக்காக நாம் செருகி வைத்திருந்த பழைய வைஃபை டாங்கிளை லினக்ஸ் கண்டுகொள்ளவேயில்லை. அதற்கான இயக்கியை இறக்கலாமென்றால் இணையம் வேண்டும், இணையம் வேண்டுமென்றால் இயக்கி வேண்டும். கதவைத் திறக்கும் சாவி வீட்டுக்குள் கிடந்த நிலை. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் வசதியை இயக்குமாறு மாணவர் சொன்னார். கம்பியைச் செருகிய சில நொடிகளில் இணைப்புக் கிடைத்தது. இயக்கி மேலாளர் என்னும் கருவி தேவையானதைத் தானே தேடி நிறுவ, டாங்கிளும் உயிர்பெற்றது. ஒரு முழு மாலைப்பொழுது இதற்கே போயிற்று.

பிறகு கோப்பு மேலாளரைத் திறந்தோம். இடப்பக்கப் பட்டியில் பழைய வன்தட்டு நின்றது. சொடுக்கினோம். பழைய இயங்குதளம் எழுந்து நிற்கவே இயலாமல் கிடந்தபோதிலும், அது காத்து வைத்திருந்த அடைவுகள் வரிசையாகத் திறந்தன. நம் பெயரிலான அடைவு, அதனுள் 'ஐயா', அதனுள் 'குறுந்தொகை', அதனுள் இருபத்தொரு கோப்புகள். உடனே வேறொரு வெளி வன்தட்டில் இரண்டு படிகள் எடுத்தோம். சாகக் கிடக்கும் வன்தட்டில் முதலில் செய்யவேண்டியது படியெடுத்தல். ஆராய்வதும் திருத்துவதும் பிறகு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய இயங்குதளத்தில் நாம் வைத்திருந்த கடவுச்சொல்லை லினக்ஸ் கேட்கவேயில்லை. வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், பென் டிரைவோடு வரும் எவரும் அதனுள் நுழையலாம். அன்று நமக்கு உதவிய வழி, நாளை திருடனுக்கும் உதவும்.

3

கோப்புகள் கிடைத்துவிட்டன என்று பேராசிரியரின் மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, முதல் கோப்பை லிப்ரே ஆபீசில் திறந்தோம். திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

இதைக் கண்டு அஞ்சவில்லை, வெட்கப்பட்டோம். 2003இல் நாம் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியமர்த்திய எழுத்துருக்களில் ஒன்று அது. 'தமிழ்' என்று தட்டினால் கணினியின் நினைவில் பதிவது தமிழன்று, ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இருக்கும் கணினியில் அவை தமிழ் முகம் காட்டும், இல்லாத கணினியில் முகம் கலைந்துவிடும். நாம் மூன்றாண்டுகள் தமிழ் எழுதினோம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் தமிழ் போலத் தோன்றும் ஆங்கிலக் குறிகளையே அடுக்கியிருந்தோம்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அது நம் வீட்டுக் கணினிகளுக்குள் வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் தகுதரம் என்னும் டிஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், இவை தவிர அச்சகத்துக்கொன்றும் அலுவலகத்துக்கொன்றுமாக எத்தனையோ குறிமுறைகள். அக்காலத்தில் எழுதியோர் ஒவ்வொருவரிடமும் இப்படி முகம் கலைந்த கோப்புகள் இருக்கும் என்றே நினைக்கிறோம்.

பழைய வன்தட்டிலேயே பாமினி எழுத்துருக் கோப்பு இருந்தது. அதை எடுத்து லினக்ஸில் இட்டதும் எழுத்துகள் தமிழாயின. ஆனால் அது முகப்பூச்சு மட்டுமே. தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த இயலாது, பதிப்பகத்துக்கு அனுப்பினால் மீண்டும் கலையும். ஒருங்குறிக்கு மாற்றுவதே தீர்வு. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ஒரு மாற்றியை மாணவர் நிறுவித் தந்தார். அது ஓடி முடித்த கோப்பைக் கண்டபோதுதான், நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கும் சுவடியியல் பாடம் நம் வீட்டு மேசையிலேயே நடப்பதை உணர்ந்தோம்.

பாமினி போன்ற எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிப்பவை. 'தெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு தகரம். ஒருங்குறியோ ஒலிவரிசையைப் பின்பற்றுவது. முதலில் தகரம், பிறகே எகரக் குறி. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் மாற்றி இடம்பெயர்த்து வைக்க வேண்டும். இதை மாற்றி சரியாகவே செய்தது. சிக்கல் ஔகாரத்தில் வந்தது. 'சௌ' என்பதன் பின்னுறுப்பும் ளகரமும் ஒரே வடிவின. பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, சகரம், ளகரம் என்று வந்தால் அது 'சௌ'வா, 'செள'வா என்று பொறிக்குத் தெரியாது. நாம் இட்ட மாற்றி, அவ்வாறு வரும் எல்லாவற்றையும் ஔகாரமாகவே கொண்டது. எனவே 'சௌரிப்பெருமாள்' பிழையின்றி வந்தார். ஆனால் 'தெளிவு' என்ற சொல் வந்த இடமெல்லாம், தகரத்தில் ஔகாரக் குறியும் அதன்மேல் இகர விலங்குமாகத் தெளிவிழந்து நின்றது. 'வெள்ளிவீதியார்' பெயரும் அவ்வாறே சிதைந்தது.

இந்த இடத்தில்தான் கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருள் நமக்கு விளங்கியது. நாம் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தால், நிறுவனத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்போம். இங்கே மாணவர் நிரலைத் திறந்தார். "ஐயா, விதி என்னன்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றார். ளகரத்தை அடுத்து ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது மெய்யே, ஔகாரத்தின் உறுப்பன்று என்று சொன்னோம். இலக்கணத்தைச் சற்றே அறிந்த எவரும் சொல்லக்கூடியதுதான். இரண்டு வரி சேர்த்தார். தெளிவு தெளிந்தது. எஞ்சிய ஐயங்களைக் கண்ணால் பார்த்துத் தீர்த்தோம். இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் நாம், ஒரு மென்பொருளின் உள்ளே ஓர் இலக்கண விதியைச் சேர்க்க முடியும் என்று அதுவரை கனவிலும் எண்ணியதில்லை.

இன்னொரு பிழை நம்முடையது. மாற்றிய கோப்பில் 'காலம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கரலம்' என்றும், 'பாடம்' என்பது 'பரடம்' என்றும் பல இடங்களில் இருந்தன. திரையில் காலும் ரகரமும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றியதால், வேகத்தில் ஒன்றன் விசைக்கு மாற்றாக மற்றதை நாமே தட்டியிருக்கிறோம். ஓலைச்சுவடியில் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, காலையும் ரகரத்தையும் பிரித்தறிய இயலாது, ஆகவேதான் பாடவேறுபாடுகள் தோன்றின என்று பேராசிரியர் சொல்லச் சொல்லத் தட்டிய அதே கோப்பில், அதே பிழையைச் செய்திருந்தோம். ஏடெழுதியோரைப் பற்றி இனி வகுப்பில் இளக்காரமாகப் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

4

கணினி பழையதாவது எதனால்? துருப்பிடிப்பதால் மட்டுமன்று. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்புவோர்க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மேலும் ஓராண்டு. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், அந்நிறுவனம் பட்டியலிட்ட நுண்செயலிகளில் ஒன்றும் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் ஒரு திருகாணியும் கழன்றுவிடவில்லை. ஓர் அறிவிப்பு அவற்றைக் கிழடாக்கிவிட்டது. நம்முடையதைப் போன்ற அதனினும் பழைய கணினிகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. இயங்குதளம் பழையதானால் புதிய உலாவி அதில் ஏறாது, உலாவி பழையதானால் வங்கியின் பக்கம் திறக்காது.

இதற்கு நிறுவனத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பழையதை என்றென்றும் பேணுதல் எவர்க்கும் செலவு மிக்கது. லினக்ஸ் உலகமும் கைவிடுகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட்டுக் கணினிகளில் நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. நம் கணினி 64 பிட்டு வகையாக இருந்ததால் தப்பியது. ஆகவே லினக்ஸ் எல்லாப் பழங்கணினிக்கும் சாவா மருந்து என்று சொல்வோர் மிகையாகச் சொல்கிறார்கள்.

வேறுபாடு ஒன்றே. ஒருவர் கைவிட்டதை மற்றொருவர் எடுத்துப் பேணுவதற்குத் தடையில்லை. நிரல் வெளியில் இருக்கிறது, உரிமம் இடங்கொடுக்கிறது. ஏட்டுச்சுவடியின் வரலாறும் இதுவே அன்றோ? ஓலை சில நூற்றாண்டுகளில் மட்கும். மட்குமுன் ஒருவர் பெயர்த்தெழுதினார், பழைய ஓலையை ஆற்றில் விட்டார்கள். பெயர்த்தெழுத எவருடைய ஒப்புதலும் வேண்டாதிருந்ததால் குறுந்தொகை நமக்கு வந்தது. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் பெயரளவில் நிற்கின்றன.

மின்வெளியிலும் அதற்குச் சான்று உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கி வந்தது. ஒருங்குறிக்கு முந்திய குறிமுறைகளில் இருந்த அந்நூல்கள் பிற்காலத்தில் ஒருங்குறிக்கு மாறின. தகுதரத்தின் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையால், மாற்றிகளை எவரும் எழுத முடிந்தது. அட்டவணையைப் பூட்டி வைத்துக்கொண்ட எழுத்துருக்களில் எழுதப்பட்டவை என்னவாயின என்பதை நம் பழைய அச்சகங்களின் கணினிகளைத்தான் கேட்க வேண்டும்.

5

கோப்புகளைக் காப்பாற்றிய பின், கணினியைத் திரும்பப் பரணேற்ற மனம் வரவில்லை. சாகும் நிலையிலிருந்த வன்தட்டை எடுத்துவிட்டு, இரண்டாயிரம் ரூபாய்க்குள் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பொருத்தினோம். நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினோம். லினக்ஸ் மின்ட்டை முழுமையாக நிறுவினோம். எருமை நடை போய், மாட்டுவண்டியின் சீரான ஓட்டம் வந்தது. இக்கட்டுரை அதில்தான் எழுதப்படுகிறது.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும் எம்17என் என்னும் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு விசைமுறை என எல்லாம் கிடைக்கின்றன. தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுகிறது. ஓலையில் வாசிப்பவர் மனத்தில் விழுந்த புள்ளியை இங்கே மென்பொருள் இடுகிறது. விசைப்பலகைப் பட்டியலில் டாப், டிஸ்கி குறிமுறைக்கான அமைப்புகளும் இன்னும் இருக்கின்றன. பாட்டி வீட்டுச் சுருக்குப்பையில் ஓட்டைக் காலணா கிடைத்தது போல இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டிகளைத் தமிழில் மாற்றிப் பார்த்தோம். 'கோப்பு', 'தொகு', 'பார்வை' என்று தொடங்கும்போது மகிழ்ச்சியாக இருந்தது. உள்ளே போகப் போகப் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். சில இடங்களில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள். முதலில் எரிச்சல் வந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து, பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் அமர்ந்து இவற்றை மொழிபெயர்த்துத் தந்தவர்கள் தன்னார்வலர்கள். முதுகலைத் தமிழ் படித்த நாம் அவர்களுக்கு ஒரு சொல் கொடுத்ததில்லை. அந்நினைவு வந்ததும் எரிச்சல் திசை மாறியது.

நூல் வெளியிடுவோர்க்கு இன்னொரு தொல்லை. பல அச்சகங்கள் பேஜ்மேக்கரையும் இன்டிசைனையும் விட்டு வரமாட்டா. இவை லினக்ஸுக்கென வெளிவருபவை அல்ல. லிப்ரே ஆபீசில் நாம் அழகுற அமைத்த பக்கம், வேர்டில் திறக்கும்போது அடிக்குறிப்புகளோடு அடுத்த பக்கத்துக்குச் சரிகிறது. நம்முடைய பழைய அச்சுப்பொறி இன்றுவரை வசப்படவில்லை. எல்லா வேலையும் ஒரே கணினியில் நடக்க வேண்டியவர்க்கு, 'உடனே மாறிவிடுங்கள்' என்று நாம் சொல்லமாட்டோம். 'ஒரு பென் டிரைவில் எழுதி, ஒரு மாலைப்பொழுது தொடங்கிப் பாருங்கள்' என்றே சொல்வோம்.

6

நம் உண்மையான குறை தமிழ்த்துறைகளின் மீது. நாமும் அதில் அடக்கம். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, முதலாண்டுகளின் கணினிகளில் விண்டோஸுடன் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் மாணவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை, திறந்து காட்ட ஆசிரியராகிய நமக்கும் தெரியவில்லை. கேரளத்துப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் பாடத்திட்டத்தோடு இணைத்து, ஆசிரியர்க்குப் பயிற்சி தந்து, மலையாளத்தோடு சேர்த்து வளர்த்தார்கள். கணினியைக் கொடுத்தால் போதாது, அதை விளக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

சுவடிப் பதிப்பியலை ஒரு தாளாக வைத்திருக்கிறோம். சுவடியின் எழுத்தமைதி, புள்ளியின்மை, படியெடுப்போர் பிழை என்றெல்லாம் தேர்வில் பத்து மதிப்பெண் வினா கேட்கிறோம். அம்மாணவர் நாளை எதிர்கொள்ளப்போகும் சுவடி ஓலையாக இராது. 1990க்கும் 2010க்கும் இடையில் எழுதப்பட்ட தமிழ், குறிமுறை தெரியாத கோப்புகளாக, ஓடாத குறுந்தகடுகளில், எழாத கணினிகளில் கிடக்கிறது. அதை எழுதியோர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிற்றிதழ் நடத்தியோர், ஆய்வேடு எழுதியோர், நாடகம் போட்டோர் எனப் பலர். அதே தாளில் இரண்டு வாரம் ஒதுக்கி, குறிமுறை என்றால் என்ன, கொம்பு முன்னே வருவதும் பின்னே வருவதும் எதனால், பழுதான கணினியிலிருந்து கோப்பை எடுப்பது எவ்வாறு என்று கற்பித்தால் போதும். செலவு ஒரு பென் டிரைவ்.

நம் வீட்டைப் பொறுத்தவரை கணக்கு இவ்வளவே. இருபத்தொரு கோப்புகளில் இருபது திறந்தன. ஒன்று மட்டும் எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை. அதன் பெயர் இருந்தது, அளவு இருந்தது, வன்தட்டின் அந்தப் பகுதி அழிந்துபோயிருந்தது. 301 முதல் 320 வரையிலான பாடல்களுக்கான குறிப்புகள் அதில் இருந்தன. பேராசிரியரின் மகளிடம் இதை நேரில் சென்று சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த இருபது பாட்டுக்கும் அப்பா என்ன சொன்னாருன்னு உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா அண்ணா?" என்று கேட்டார்.

இருபதில் நான்கைந்து இடங்கள் நினைவிருக்கின்றன. அவற்றைப் பேராசிரியரின் குறிப்பு என்று போடாமல், கேட்டவர் நினைவிலிருந்து எழுதியது என்று தனியே குறித்து எழுதி வருகிறோம். இம்முறை ஒருங்குறியில், மூன்று படிகளாக.